மயக்கத்துக்கு முன் ஏழு பக்கம்

சனிக்கிழமை மாலை அம்மாவும் நானும் மாத்திரைப் பெட்டியை நிரப்பினோம். ஏழு நாள், நாளுக்கு நான்கு வேளை, இருபத்தெட்டுக் குழி. அம்மா மருந்துச் சீட்டைப் பார்த்துப் படிப்பாள். நான் மாத்திரையைக் குழியில் போட்டுவிட்டு, போட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் அடுத்த குழிக்கு நகரமாட்டாள். அவளுக்கு ஐந்து பல் எடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது. வலது கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்ததால் மாத்திரைப் பெயர்களெல்லாம் கொழகொழவென்று வந்தன. ஒரு பெயரை மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை கேட்டபோது சீட்டையே என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வியாழக்கிழமை மதியக் குழிக்கு வந்தபோது பாதி மாத்திரை ஒன்று உருண்டு மேசைக்கடியில் போய்விட்டது. வேறொன்றை உடைத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் சட்டை செய்யவில்லை. விழுந்தது கிடைக்கும்வரை வேலை நின்றது. நாற்காலிகளை நகர்த்தி, கைப்பேசி விளக்கை அடித்து, கடைசியில் நின்று சுழலும் மின்விசிறியின் காலடியில் கண்டெடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடச் சொன்னாள். புதிதாக ஒன்றை உடைத்தோம். பிறகு எதற்கு இவ்வளவு நேரம் தேடினோம் என்று கேட்டேன். ஒரு பொருள் எங்கே போனது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றாள்.

அந்த இருபத்தெட்டில் ஒரு குழிதான் காலியானது.

அம்மா முப்பத்தோரு ஆண்டுகள் கிரேன் ஓட்டினாள். கட்டடங்களுக்கான இரும்புச் சட்டங்கள் செய்யும் பட்டறை. கூரைக்குக் கீழே இருபுறமும் தண்டவாளம், அதன்மேல் குறுக்கே ஓடும் கிரேன், கிரேனில் தொங்கும் கண்ணாடிக் கூண்டு. தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரம். ஏணியில் முப்பத்தெட்டுப் படி. காலையில் ஏறினால் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் இறங்குவாள். பட்டறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மேல்வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் அதுதான் அவள் பெயர் என்று நினைத்து விடுப்புப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டார். அம்மா அதைத் திருத்தச் சொல்லவில்லை. அதிலேயே கையெழுத்துப் போட்டாள்.

கிரேனில் வேலைமுறை மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. இறங்கப்போகிறவர் 'ஒப்படைச்சேன்' என்று சொல்ல வேண்டும். ஏறி வந்தவர் நெம்புகோல்களைத் தொட்டுப் பார்த்து, பதிவுப் புத்தகத்தைப் படித்து, 'எடுத்துக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் இதை நாளடைவில் தலையாட்டலாகச் சுருக்கிவிட்டார்கள். அம்மா சுருக்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல் காதில் விழ வேண்டும்.

அடுத்த முறைக்கு வருகிற ஓட்டுநருக்கு முசுடு என்று பெயர். அம்மா வைத்த பெயர்தான். ஒருநாள் அவருக்கு அம்மாமேல் கோபம். ஏணி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அம்மா புத்தகத்தில் எழுதிவிட்டாள். அவர் ஏறி வந்தார், இருக்கையில் உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை. அம்மா இறங்கவில்லை. ஒரு ஆள் உட்காரும் கூண்டில் இருவரும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தார்கள். அவர் இருக்கையில், அம்மா தரையில், காலை மடக்கிக்கொண்டு. கீழே பத்து டன் சட்டம் காத்திருந்தது. மேற்பார்வையாளர் தொண்டை வறளக் கத்தினார். கடைசியில் முசுடு அந்தச் சொல்லைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா இறங்கிவந்து ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் வந்துவிட்டாரே, இறங்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"அவன் வந்துட்டான்னு தெரியும். எடுத்துக்கிட்டான்னு தெரியாதே."

அவளுடைய பதிவுப் புத்தகமும் பட்டறையில் கேலிப்பொருள்தான். மற்றவர்கள் 'கோளாறு இல்லை' என்று இரண்டு சொல்லில் முடிப்பார்கள். அம்மா பக்கம் பக்கமாக எழுதுவாள். மூன்றாவது முறை இழுக்கும்போது இடது பிரேக் இருமுகிறது. மழை நாளில் கொக்கி ஒரு விரல்கடை பிந்தி நிற்கிறது. கோளாறை மட்டும் எழுதினால் போதும் என்று மேலாளர் சொல்லியனுப்பினார். எது கோளாறு என்று எனக்கெப்படித் தெரியும், நான் பார்த்ததை எழுதுகிறேன், கோளாறா இல்லையா என்பதை அதைப் படிக்கிறவர் சொல்லட்டும் என்று பதில் அனுப்பினாள். அவள் இருந்தவரை அந்தக் கிரேனிலிருந்து ஒரு சட்டம்கூட நழுவி விழுந்ததில்லை.

ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டு அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதற்கு முன் வாயைப் பார்த்தார்கள். ஐந்து பற்களின் வேரில் சீழ். அதை வைத்துக்கொண்டு புது வால்வு பொருத்தினால் கிருமி இரத்தத்தோடு போய் அதில் உட்கார்ந்துகொள்ளும் என்று இதய மருத்துவர் படம் வரைந்து காட்டினார். பல் எடுத்து, புண் ஆறி, தொற்று இல்லை என்று பல் மருத்துவர் கடிதம் கொடுத்தால்தான் அறுவைக்கு நாள் குறிப்பார்கள். பல் போகாமல் வால்வு இல்லை. வால்வு இல்லாமல் அதிக நாள் இல்லை. இரண்டாவதை அவர் வேறு மாதிரிச் சொன்னார். எங்களுக்குப் புரிந்தது.

பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் முப்பத்தோரு ஆண்டு உட்கார்ந்தவளுக்குப் பல் மருத்துவரின் நாற்காலி என்றால் உதறல். முதல்முறை போனபோது சின்னக் கண்ணாடி நாக்கில் பட்டதும் குமட்டி, மருத்துவரின் கையைத் தட்டிவிட்டாள். இரண்டாம்முறை ஊசி எடுத்ததைப் பார்த்தாள். கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, வாசல் தாண்டி, இரண்டு தெரு நடந்து வந்துவிட்டாள். துணியை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கே அது பெரிய அவமானம். வலிக்குப் பயமில்லை என்றாள். மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து வைத்து, கையைச் சும்மா வைத்துக்கொண்டு, எவரோ என்னவோ செய்வதைப் பார்க்க முடியாமல் கிடப்பதுதான் ஆகவில்லை.

இதய நோயாளி என்பதால் பெரிய மருத்துவமனையில், மயக்க மருத்துவரை வைத்துக்கொண்டு செய்யலாம் என்று முடிவானது. ஆழ்ந்து தூங்க வைத்துவிடுவோம், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றார் பல் மருத்துவர். அந்தக் கடைசி மூன்று சொற்களை நம்பித்தான் அம்மா சம்மதித்தாள்.

மயக்க மருத்துவர் என் வயதுப் பெண். முதல் சந்திப்பில் இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று, முந்தைய நாளிலிருந்து செய்ய வேண்டியதும் கூடாததும். இன்னொன்று கேள்வித்தாள், ஆம் இல்லை என்று கட்டம் போட்டது. தூக்கத்தில் தொல்லை உண்டா என்ற கேள்விக்கு அம்மா 'இல்லை' என்று குறித்தாள். பொய்யில்லை. தலை சாய்த்தால் மறுநாள் காலைதான்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளின் நகலை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள்.

"கட்டத்துக்குள்ள அடங்கறதை மட்டும் கேக்கறாங்க. என்னை எடுத்துக்கப் போறவங்களுக்கு இது போதாது."

முதல் பக்கத்தின் தலையில் 'பொறுப்பு ஒப்படைப்பு' என்று எழுதினாள். அதன்கீழ் பட்டறைப் புத்தகத்தில் உள்ளதுபோலவே இயந்திர விவரம். இயந்திரம்: நான். எடை: எழுபத்தொரு கிலோ. ஓடிய ஆண்டு: அறுபத்தொன்று. பழுது பார்த்தது: பிரசவம் ஒன்று, கண்புரை ஒன்று. அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு பக்கம், ஏழு நாள். மாடிப்படியில் பதினான்காவது படியில் நின்றேன், போன வாரம் பதினாறு. பல்துலக்கி வலப்பக்கக் கடைசிக்குப் போனால் குமட்டுகிறது, இடப்பக்கம் இல்லை. கோபம் வந்தால் காது அடைக்கிறது. இன்று கோபம் இரண்டு முறை, இரண்டும் தம்பியால்.

தம்பி என்பது என் மாமா. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. துணைக்கு இருக்கட்டும் என்று அந்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டார். துணையைவிடத் தொணதொணப்பு அதிகம். இரண்டாம் நாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அக்காவின் குறட்டையைப் பற்றி ஒரு கச்சேரி வைத்தார். குறட்டை வந்துகொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும், சரி அடங்கியது என்று இவர் கண்ணை மூடுவார், பதினொன்று எண்ணுவதற்குள் பழைய லாரி கிளம்புகிற மாதிரி மறுபடி ஆரம்பிக்கும். லாரிச் சத்தத்தையும் செய்து காட்டினார். எனக்கு டீ புரையேறியது. அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தாள். எத்தனை எண்ணினாய், பத்தா பதினொன்றா என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

அந்த ஏழு நாளும் வீட்டில் பட்டறை நடந்தது. நாக்கைப் பழக்க வேண்டும் என்று தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தேக்கரண்டிக் காம்பை நாக்கின்மேல் வைத்து, மூக்கால் மூச்சு விட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடி சொல்ல வேண்டும். முதல்நாள் நான்கு விநாடி. கண்ணில் நீர் வழிய, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாம்நாள் நாற்பத்தொன்று. ஆழ்ந்து தூங்கப்போகிறவளுக்கு இது எதற்கு என்று மாமா கேட்டார். நான் தூங்கினாலும் நாக்கு முழித்திருந்தால் என்ன செய்வது என்றாள்.

மோதிரத்தைக் கழற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது. இருபது ஆண்டாகக் கழற்றாத மோதிரம். சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், கடைசியில் நூலைச் சுற்றி மாமா உருவி எடுத்தார். எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு நாள் முன்பே ஒத்திகை. ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை போடலாம் என்று இருந்தது. ஒரு மடக்கு என்றால் எவ்வளவு என்று தாளில் இல்லை. மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். மறுமுனையில் யாரையோ விசாரித்தார்கள். அப்புறம் முப்பது மில்லி என்றார்கள். மருந்து மூடியில் அளந்து வைத்தாள். ஒத்திகையன்று அவளுக்கு மரியாதை காட்ட நாங்களும் காலையில் சாப்பிடவில்லை. அதாவது நான் சாப்பிடவில்லை. மாமாவைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாய் நிறைய ரொட்டியோடு கையும் களவுமாகப் பிடித்தாள். அதுவும் நோட்டில் ஏறியது. கோபம், மூன்றாவது.

என் வேலை அழுத்தம் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது. அளவுகளில் வருகிற வீண் துள்ளல்களை நீக்கிவிட்டு, உண்மையான கோடு எது என்று எடுத்துக் கொடுப்பேன். மருத்துவருக்கு ஏழு பக்கம் படிக்க நேரமிருக்காது என்று அதையே அம்மாவின் நோட்டுக்கும் செய்தேன். ஒரே பக்கம், அழகான அட்டவணை. மாத்திரைகள், அளவு, நேரம், படியேறும் எண்ணிக்கை, குமட்டும் பக்கம். காது அடைப்பதை எடுத்துவிட்டேன். கோபங்களை எடுத்துவிட்டேன். மாமாவின் லாரியை எடுத்துவிட்டேன்.

அம்மா அதைப் படித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அதையும் நோட்டையும் ஒரே பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு மருத்துவமனையில் இருந்தோம். தளர்ந்த கை வைத்த மேல்சட்டை, குனியாமல் கழற்றும் செருப்பு, நகச்சாயம் இல்லை, மோதிரம் என் பையில். செவிலியர் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் அம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னாள். தண்ணீர் எப்போது குடித்தீர்கள் என்றதற்கு மணியோடு மில்லியும் வந்தது. செவிலியர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மயக்க மருத்துவர் வந்து என் பக்கத்தைப் படித்தார். எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தால் எங்கள் பாதி வேலை குறையும் என்றார். எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. அப்போது அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"அது எம்பொண்ணு எழுதினது. இது நான் எழுதினது. இதையும் பாத்துடுங்க டாக்டரம்மா."

அதே விஷயம்தான், விடும்மா என்றேன். மருத்துவர் மரியாதைக்காக வாங்கி, நின்றபடியே புரட்டினார். இயந்திரம்: நான் என்பதைப் படித்துச் சிரித்தார். கோபக் கணக்கைப் படித்தும் சிரித்தார். மறுபடி இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பியபோது சிரிப்பு போய்விட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தம்பி யார் என்று கேட்டார்.

மாமா ஏதோ குற்றத்துக்குக் கூப்பிட்டதுபோல முன்னால் வந்தார். மருத்துவர் கேட்டதும் விரல் விட்டுப் பதினொன்று எண்ணி, லாரியையும் கிளப்பிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்காமல், ஒரு இரவில் எத்தனை முறை என்றார். தான் எண்ணியவரை ஏழு, அதற்கப்புறம் தானே தூங்கிவிட்டதாக மாமா சொன்னார்.

மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். தூக்கத்தில் அம்மாவின் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. அவளுக்கே தெரியாது, தெரியவும் வழியில்லை. இப்படிப்பட்டவரை மருந்து கொடுத்து ஆழத் தூங்க வைத்தால் மூச்சு நிற்பது இன்னும் நீளும். சுருங்கிய வால்வை வைத்துக்கொண்டு அவள் இதயம் அதைத் தாங்குமா என்பது சந்தேகம். இது முன்பே தெரிந்திருந்தால் ஏற்பாடே வேறாக இருந்திருக்கும் என்றார்.

என் அட்டவணை அவர் மடியில்தான் இருந்தது.

இப்போது இரண்டு வழி. தள்ளிப்போட்டுவிட்டு, தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்து வரலாம். அல்லது இன்றே, ஆனால் ஆழ்ந்த தூக்கம் கிடையாது. பாதி நிமிர்ந்து உட்காரவைத்து, மிகக் குறைந்த மருந்து. கூப்பிட்டால் பதில் சொல்லும் அளவுக்கு நினைவு இருக்கும். ஈறில் ஊசி போடுவதால் வலிக்காது. ஆனால் வேலை நடப்பது தெரியும். வாயில் கை இருப்பது தெரியும்.

அம்மா முகம் சுண்டிப்போனது. அவள் சம்மதித்தது ஒன்றும் தெரியாது என்ற வாக்குக்குத்தான். தன் கையால் எழுதிய நான்கு வரி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தள்ளிப்போடலாம் என்றேன் நான். மாமாவும் அதையே சொன்னார். ஒரு மாதம் தள்ளினால் வால்வும் ஒரு மாதம் தள்ளும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். போன வாரம் பதினாறு படி, இந்த வாரம் பதினான்கு.

அம்மா மோதிரம் இருந்த விரலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டாள். நான் கையைத் தூக்கினால் நிறுத்துவார்களா. நிறுத்துவார்கள். தூக்குவதற்கு வலது கை கட்டில்லாமல் இருக்குமா. இருக்கும். என் தலைமாட்டில் யார் நிற்பார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நான்தான் நிற்பேன் என்றார் மருத்துவர்.

"அப்ப இன்னிக்கே பண்ணிடலாம்."

மாமா அவள் காதருகே குனிந்து, அந்த ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டிருந்தால் நீ பாட்டுக்கு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாமே அக்கா என்றார்.

"எனக்குத் தூக்கம் வந்திருக்கும்டா. அவங்களுக்கு?" என்று மருத்துவரைக் காட்டினாள். கொஞ்சம் கழித்து, "எனக்கும் அதோட தூக்கம்தான் போல" என்றாள்.

மாமா தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றார். எந்தப் பல்லை என்று கேட்டாள்.

அறுவை அரங்கின் கதவுவரை என்னை விட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா நோட்டை மருத்துவர் கையில் கொடுத்தாள். ஒப்படைச்சேன் என்றாள். மருத்துவர் வாங்கிக்கொண்டு, சரிம்மா, பயப்படாதீங்க என்றார். நாற்காலியைத் தள்ளுகிறவர் தள்ளப் பார்த்தார். அம்மா காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

நான் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அதில் கீழே, அம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எடுத்துக்கொள்பவர் சொல்ல வேண்டியது என்று எழுதியிருந்தாள்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார் மருத்துவர்.

அம்மா காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தைந்து நிமிடம். நான் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா எதிர்ச்சுவர் ஓடுகளை எண்ணி முடித்து மறுபடி எண்ணினார்.

உள்ளே நடந்ததை மருத்துவர் பிறகு சொன்னார். கையை இரண்டு முறை தூக்கினாள். முதல் முறை குமட்டல். எல்லாரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அம்மா மூக்கால் மூச்சு விட்டு, வாய்க்குள்ளேயே எதையோ எண்ணி, நாற்பதுக்குப் பக்கத்தில் வந்ததும் தானே வாயைத் திறந்தாள். இரண்டாம் முறை தூக்கியது பல் மருத்துவரின் முழங்கை அவள் மூக்குக் கண்ணாடி வைத்த தட்டில் இடிக்கப் போனதைக் காட்ட. நடுவில் வலது கை நாற்காலியின் பிடியைப் பற்றி முன்னும் பின்னும் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது, அது என்ன என்று மருத்துவர் என்னிடம் கேட்டார். கனமான சட்டத்தை இறக்கும்போது நெம்புகோலை அப்படித்தான் நகர்த்துவாள் என்றேன். ஐந்தாவது பல்லின் வேர் உடைந்து வர நேரமெடுத்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மருத்துவர் வந்து, நோட்டை நீட்டி, ஒப்படைச்சேன் அம்மா என்றார். வாய் நிறையப் பஞ்சோடு அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு நாளைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று தாளில் இருக்கிறதல்லவா. விரலை என் பக்கம் நீட்டினாள்.

கூடத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நோட்டை வாங்கிக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கிட்டேன் என்றேன். அவள் கண்ணை மூடினாள்.

மறுநாள் மாலை, இருபத்துநான்கு மணி நேரம் முடிந்த நிமிடத்தில் தொலைபேசியை எடுத்தாள். பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் ஒருவர் விடாமல் அழைத்தாள். முசுடுவையும். வாய் குழறிக்கொண்டே, முழிச்சிக்கிட்டே அஞ்சு பல்லு என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. என்னிடம் கொடுத்து சாட்சி சொல்ல வைத்தாள். அவர் கேட்டுவிட்டு, அது மேல்வீட்டம்மாவாச்சே என்றார். நான் அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். மசித்த உருளைக்கிழங்கைக் கூடுதலாக ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தையல் பார்க்கப் போனோம். காத்திருக்கும் இடத்தில் வேறொருவர் நிரப்பிக்கொண்டிருந்த கேள்வித்தாளை அம்மா எட்டிப் பார்த்தாள். தூக்கத்தைப் பற்றிய கேள்விக்குக் கீழே புதிதாக ஒரு வரி, பேனாவால் எழுதி நகலெடுத்தது: 'நீங்கள் தூங்குவதைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?' அம்மா என் கையைக் கிள்ளினாள். வலித்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த மனிதர் அந்த வரியை வெற்றாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனபோது மட்டும், அதையும் நிரப்பிடுங்க என்றாள்.

பல் மருத்துவர் வாயைப் பார்த்தார். இம்முறை சின்னக் கண்ணாடி கடைசிவரை போய் வந்தது. புண் நன்றாக ஆறுகிறது, தொற்று இல்லை, இதய அறுவைக்குத் தடையில்லை என்று கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அம்மா அதைப் பேருந்தில் இரண்டு முறை படித்தாள். இதய மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறிக்கும் சாளரம் திங்களும் வியாழனும்தான் திறக்கும். மின்னஞ்சலில் வாங்கமாட்டார்கள், அசல் வேண்டும். நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், பல்லைக் கொடுத்தது நான், கடிதத்தையும் நானே கொடுக்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டாள். சன்னல் பக்க நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்தாள். நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கியபோது மணி பத்தே கால். செய்தித்தாள் மடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமையே கடிதத்தைக் கொடுத்திருந்தாலும் அறுவை நாள் ஆறு வாரம் கழித்துத்தான் கிடைத்திருக்கும் என்றார் இதய மருத்துவர். இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார். பல் எடுத்ததால் வந்த சாவு அல்ல என்பதையும் கேட்காமலே சொன்னார்.

கடிதம் வாசல் கதவின் கொக்கியில், கைப்பைக்குள், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அசல் ஒன்று, நகல் இரண்டு. உறையின்மேல் அவள் ஒட்டிய சீட்டு:

திங்கள். எட்டுப் பத்துக்குப் பேருந்து. நான்காம் எண் சாளரம். மூக்குக் கண்ணாடி எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்குள் போய்விட வேண்டும்.